இருபத்தேழாம் குறிப்பேடு

பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில், ஆவணக் காப்பகத்தில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாசலில் நிற்கும் காவலாளியிலிருந்து துணைவேந்தரின் உதவியாளர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் பெட்டியக்காதான். பெட்டியோடு பெட்டியாகக் கிடந்தால் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? காலமான பேராசிரியர்களின் கடிதங்கள், எப்போதோ மூடிவிட்ட துறைகளின் ரெஜிஸ்டர்கள், யார் எடுத்தது யாரை எடுத்தது என்று தெரியாத புகைப்படங்கள் எல்லாம் சாம்பல் நிற அட்டைப்பெட்டிகளில் எண் ஒட்டி, கூரை தொடும் இரும்பு அடுக்குகளில் இருந்தன. எந்த எண் எந்த அடுக்கில் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். வீட்டில் மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்பது மட்டும் தெரியாது.

அவளுடைய வேலைக்கு இரண்டே விதி. பட்டியலில் இருப்பதை யார் கேட்டாலும் எடுத்துக் கொடுக்க வேண்டும். மூடி வைக்கச் சொல்லிக் கொடுத்ததை யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. இந்த இரண்டாவது விதியால் அவளுக்கு ஏகப்பட்ட விரோதிகள். பத்திரிகைக்காரர் ஒருவர் மேஜையைத் தட்டிக் கத்தியிருக்கிறார். அமைச்சர் வீட்டு ஆள் ஒருவர் வேலையை விட்டே தூக்கிவிடுவதாக மிரட்டியிருக்கிறார். அவள் அசைந்ததில்லை. ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கும்போது வந்த பல் டாக்டர் கத்தவே இல்லை. வந்த வினையே அதுதான்.

ஒரு திங்கட்கிழமை காலை அவர் வந்தார். ஐம்பது வயது தாண்டியிருக்கும். பையை லாக்கரில் வைத்துவிட்டு, பேனாவை ஒப்படைத்துப் பென்சில் வாங்கிக்கொண்டு, சொன்னதையெல்லாம் மறுபேச்சில்லாமல் செய்தார். கேட்புச் சீட்டை நிரப்பி நீட்டினார். அதில் இருந்த பேரைப் பார்த்ததும் பெட்டியக்காவின் கை அப்படியே நின்றுவிட்டது.

நிலவியல் துறையில் முப்பது வருஷம் பாடம் நடத்திய பேராசிரியர். மாணவர்கள் வைத்த பேர் பாறை சார். நாற்பத்தொரு பெட்டி, அறுபத்து மூன்று களக் குறிப்பேடு.

"நான் அவர் பொண்ணு," என்றார் டாக்டர். "அம்மா தவறி இன்னிக்கு இருபத்தி மூணு நாள் ஆச்சு. வீட்டைக் காலி பண்ணிட்டிருக்கேன். அவர் சம்பந்தமா வீட்ல ஒரு துண்டுக் காகிதம் இல்ல, ஒரு போட்டோ இல்ல. எல்லாம் இங்கதான் இருக்காம்."

"இருக்கு டாக்டர். உக்காருங்க, எடுத்துட்டு வரேன்."

பெட்டியக்கா தள்ளுவண்டியில் குறிப்பேடுகளைக் கொண்டு வந்தாள். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய, கெட்டி அட்டை போட்ட நோட்டுகள். டாக்டர் எண் வரிசையில் எடுத்துப் புரட்டினார். அரைமணி நேரத்தில் தலை நிமிர்ந்தது.

"இருபத்தேழைக் காணோமே?"

"அது மூடின ஆவணம், டாக்டர். குடுத்தவர் ஒரு கெடு போட்டுக் குடுத்திருக்கார். அதுவரைக்கும் யாருக்கும் காட்டக் கூடாது."

"நான் அவரோட பொண்ணு. வேற வாரிசும் கிடையாது."

"யாரா இருந்தாலும் அப்படித்தான்."

"சரி, எதுவரைக்கும் கெடு?"

"அதையும் சொல்லக் கூடாதுன்னு விதி."

அப்படி ஒரு விதி கிடையாது. முப்பத்தோரு வருஷத்தில் அந்த வாசிப்பறையில் பெட்டியக்கா சொன்ன முதல் பொய் அது. சொன்ன பிறகு காது மடல் சுட்டது.

டாக்டர் கோபப்படவில்லை. இருபத்தாறாம் நோட்டின் கடைசிப் பக்கத்தையும் இருபத்தெட்டின் முதல் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தார். இரண்டு தேதிக்கும் நடுவில் ஐந்து மாதம் இடைவெளி.

"இதுக்கு நடுவுலதான் என் அண்ணன் செத்தான்," என்றார்.

பெட்டியக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். போய்விடலாம் என்று தோன்றியது. மனசு கேட்கவில்லை.

"அண்ணனுக்குப் பத்தொம்பது வயசு. எனக்கு அஞ்சு. அண்ணன் பொறந்து பதினாலு வருஷம் கழிச்சுப் பொறந்தவ நான். கேலிக்கு எல்லாரும் என்னை அவன் பொண்ணும்பாங்க. தூக்கிக்கிட்டே திரிவான். ஒரு லீவுல அம்மா அவங்க தங்கச்சி பிரசவத்துக்குப் போயிருந்தாங்க. வீட்ல விட ஆளில்லன்னு இவர் எங்க ரெண்டு பேரையும் களப்பணிக்குக் கூட்டிட்டுப் போனார். ஆத்தங்கரை. எதிர்க்கரைல ஏதோ ஒரு பாறையாம். அதுல ஒரு துண்டு உடைச்சு எடுத்துட்டு வாடான்னு அண்ணனை அனுப்பிட்டார். மேல அணை தெறந்து தண்ணி வந்துடுச்சு. ஒரு கல்லு... ஒரே ஒரு கல்லுக்காக. நான் வேன்ல தூங்கிட்டிருந்தேன். எழுந்தப்ப அண்ணன் இல்ல."

அவர் பென்சிலை நோட்டின் மேல் வைத்தார்.

"அம்மா அன்னிலேருந்து அவர்கிட்ட பேசல. முப்பத்தஞ்சு வருஷம், ஒரே வீட்ல. 'உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு'ன்னு என்கிட்ட சொல்லுவாங்க. நான் ஹாஸ்டலுக்குப் போனப்புறம் காலண்டர்ல எழுதி வைப்பாங்களாம். பால் வாங்கணும், கரண்ட்காரன் வருவான்னு. நானும் பேசல. அவர் செத்தப்ப வரக்கூட இல்ல. அவர் வருத்தப்பட்டாரா, இல்லையா? அந்த நாளைப் பத்தி என்ன எழுதியிருக்கார்? அது தெரிஞ்சா போதும் எனக்கு."

பெட்டியக்கா, "எனக்கு அதிகாரம் இல்லம்மா," என்றாள். டாக்டர் என்று கூப்பிட்டவள் அம்மா என்று மாறியதை இருவருமே கவனிக்கவில்லை.

என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஒரு வரி விடாமல் தெரியும்.

பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் பேராசிரியர் அந்தப் பெட்டிகளைத் தானே ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். அப்போது அவருக்கு எழுபத்தெட்டு வயது. பெட்டிகளையெல்லாம் காவலாளி தூக்கி வர விட்டவர், இருபத்தேழாம் நோட்டு இருந்த உறையை மட்டும் மார்போடு அணைத்துப் படி இறங்கி வந்தார். மூடி வைக்கிற பொருளானாலும் பட்டியல் போடுகிறவள் ஒருமுறை பார்த்தாக வேண்டும். பக்கம் எண்ண வேண்டும், கிழிசல் இருந்தால் குறிக்க வேண்டும். "படிச்சுக்கம்மா. ஒருத்தராவது படிக்கணும்," என்று சொல்லிவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டார். அவள் படித்தாள்.

அன்றைக்குக் குழந்தை வேனில் தூங்கவில்லை. தகப்பனார் பாறையில் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். மகன் கொஞ்ச தூரத்தில் மாணவர்களோடு சாப்பாட்டுப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தான். "பாப்பாவைப் பாத்துக்கங்கப்பா," என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தான். இவர் "ம்" என்றார். பாறையின் அடுக்குகளைப் பார்த்த கண் பாப்பாவைப் பார்க்கவில்லை. குழந்தை கல் கல்லாகத் தாவி ஆற்றின் நடுவுக்குப் போய்விட்டது. தண்ணீர் ஏறிய பிறகுதான் அழுகைச் சத்தம் கேட்டது. அண்ணன்காரன் ஓடி வந்து குதித்தான். தங்கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி பாறையோரம் வரைக்கும் வந்துவிட்டான். ஒரு மாணவன் குப்புறப் படுத்து, கையை நீட்டிக் குழந்தையை வாங்கினான். அண்ணனைத் தண்ணீர் கொண்டுபோயிற்று. மறுநாள் மத்தியானம்தான் கிடைத்தான்.

குழந்தைக்கு ஒன்பது நாள் காய்ச்சல். காய்ச்சல் விட்டபோது அதற்கு ஆற்றில் நடந்தது எதுவுமே ஞாபகமில்லை. அந்த ஒன்பது நாளில் தகப்பனார் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். கூடப் போன மூன்று மாணவர்களிடமும் டிரைவரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டு, கல் எடுக்க நான்தான் அனுப்பினேன் என்று மனைவியிடமும் ஊரிடமும் சொன்னார்.

"உங்க வீட்டம்மாகிட்டயாவது உள்ளதைச் சொல்லியிருக்கலாமே, ஐயா?" என்று பெட்டியக்கா அன்றைக்கே கேட்டாள்.

"சொல்லியிருந்தா, பாப்பாவைப் பாக்கும்போதெல்லாம் அவளுக்கு அதுதாம்மா கண்ணுக்கு முன்னாடி வரும். என்னதான் பெத்தவளா இருந்தாலும் ஒரு நிமிஷமாவது வரும். அஞ்சு வயசுக் குழந்தை. அம்மா மூஞ்சில அந்த ஒரு நிமிஷத்தைப் பாத்துப் பாத்து வளரணுமா? என்மேல கோவம்னா என்னோட போயிடும். நான் பாத்திருக்க வேண்டிய குழந்தைதானே? முழுப் பொய்யும் இல்ல."

"அப்ப இதை எரிச்சிருக்கலாமே?"

"மூணு தடவை அடுப்புகிட்ட கொண்டு போனேன். முடியல. ஊருக்கு எம்பையன் கல்லு பொறுக்கப் போய்ச் செத்தவன். அவன் உண்மையில என்ன செஞ்சாங்கிறது இந்த ஒரு நோட்டுலதான் இருக்கு. இதையும் எரிச்சா அவனுக்கு வேற என்னம்மா இருக்கு?"

ஒப்பந்தப் பத்திரத்தில் கெடு என்ற இடத்தில் 'என் மகளின் ஆயுட்காலம் முடியும் வரை' என்று அவர் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதினாள். அவர் கையெழுத்துப் போட்டார். போகும்போது, "அவ என்னைக்காவது வந்து கேட்டா?" என்று திரும்பி நின்றார்.

"குடுக்க மாட்டேன் ஐயா," என்றாள்.

இப்போது மகள் வந்து கேட்டேவிட்டாள்.

பெட்டியக்காவின் கணவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆபீஸில் நடந்த எல்லாவற்றையும் சாயங்காலம் வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்பே அவரிடம் கொட்டிவிடுவது அவள் வழக்கம். அன்றைக்குப் பேசாமல் உட்கார்ந்து காய் நறுக்கினாள். அவர் இரண்டு முறை எட்டிப் பார்த்தார்.

"என்ன, டிக்கெட் வாங்காம யாரையோ ஏத்திட்டு வந்திருக்க போல?"

"ஒண்ணுமில்லீங்க."

"எறக்கி விட முடியாதா?"

"முடியாது."

"அப்ப ஓரமா உக்கார வெச்சுக்க," என்று சொல்லிவிட்டு, அவள் கையிலிருந்த கத்தியை வாங்கி அவரே நறுக்கினார்.

டாக்டர் ஊருக்குப் போகவில்லை. பக்கத்தில் ஒரு விடுதியில் அறை எடுத்துத் தங்கி, தினமும் காப்பகம் திறக்கும்போது வந்து மூடும்போது போனார். கடிதங்களைப் படித்தார், பாடக் குறிப்புகளைப் படித்தார். புரியாத கல்லின் பெயர்களையெல்லாம் உதட்டை அசைத்துப் படித்தார். புதன்கிழமை ஒரு நோட்டை மூடிவிட்டுப் பெட்டியக்காவைக் கூப்பிட்டார்.

"ஒண்ணு கவனிச்சீங்களா? இருபத்தெட்டுலேருந்து கடைசி வரைக்கும் ஒரு ஆறு கூட இல்ல. மலை, குவாரி, சுரங்கம், வறண்ட காடு. ஆத்தங்கரைப் பாறையைப் பத்தி எழுதித்தான் அவர் டாக்டர் பட்டமே வாங்கினார். அப்புறம் முப்பது வருஷம் ஆத்துப் பக்கமே போகல."

பெட்டியக்கா பெட்டியின் மூடியைச் சரி செய்கிற மாதிரிக் குனிந்துகொண்டாள்.

"வருத்தப்பட்டிருக்கார் போல," என்றார் டாக்டர், தனக்குத்தானே. "அதைக் கொஞ்சம் எங்ககிட்ட காட்டியிருக்கலாம்."

மத்தியானம் இருவரும் கேன்டீனில் ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள். பாதிச் சாப்பாட்டில் டாக்டர் அவளையே உற்றுப் பார்த்தார்.

"நீங்க இடது பக்கம் மெல்லவே மாட்டேங்கிறீங்க. வாயைத் தொறங்க."

"இங்கயா?"

"தொறங்க அக்கா."

கேன்டீனில் அத்தனை பேரும் பார்க்க, பெட்டியக்கா வெளிச்சத்தைப் பார்த்து வாயைத் திறந்தாள். பரிமாறுகிறவர் கரண்டியோடு நின்று வேடிக்கை பார்த்தார்.

"வேர் வரைக்கும் போயிடுச்சு. எத்தனை மாசமா பொறுத்துக்கிட்டு இருக்கீங்க? நாளைக்கே போய் எடுத்துடுங்க. என் கூடப் படிச்சவர் ஒருத்தர் இந்தத் தெருவுலயே இருக்கார், சொல்லி வெக்கிறேன்."

பல்லைப் பார்க்கிறவளுக்கு மனசு தெரியாமல் போயிற்றே என்று பெட்டியக்கா நிம்மதிப்பட்டாள். அந்த நிம்மதிக்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

வியாழக்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துப் பல் பிடுங்கப் போனாள். அதே காலை டாக்டர் மாடிக்குப் போய்த் தலைமை நூலகரைப் பார்த்தார். நூலகர் பதவிக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. இளகின மனசுக்காரர், முடியாது என்று சொல்லத் தெரியாதவர். மூடின நோட்டைத் தர முடியாது என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு, வந்தவர் வெறும் கையோடு போக வேண்டாமே என்று ஒப்பந்தப் பத்திரத்தின் நகலை எடுத்துக் கொடுத்தார். வாரிசுக்கு அதைக் கேட்க உரிமை உண்டு. அவர் மேல் ஒரு தப்பும் சொல்ல முடியாது.

மத்தியானம் பெட்டியக்கா வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். மருந்து ஏறிப் பாதி முகம் மரத்துக் கிடந்தது. "என்னக்கா, வாய் ஒரு பக்கமா சாஞ்சிருக்கு? வீட்ல சண்டையா?" என்றார் காவலாளி. அவரை முறைத்துவிட்டுப் படி இறங்கினாள்.

வாசிப்பறையில் டாக்டர் மட்டும் இருந்தார். மேஜையில் பெட்டி இல்லை, நோட்டு இல்லை. ஒரே ஒரு தாள். தூரத்திலிருந்தே பெட்டியக்காவுக்கு அது தன் கையெழுத்து என்று தெரிந்துவிட்டது.

"உக்காருங்க அக்கா," என்றார் டாக்டர்.

உட்கார்ந்தாள்.

"காலைலேருந்து இதையே பாத்துட்டிருக்கேன். அவரோட தப்பை மறைக்கணும்னா அவர் ஆயுசு வரைக்கும்னு போட்டிருப்பார். அம்மாவுக்குத் தெரியக் கூடாதுன்னா அம்மா ஆயுசு வரைக்கும்னு போட்டிருப்பார். என் ஆயுசுன்னு போட்டிருக்கார். நான் இருக்கிற வரைக்கும் எனக்குத் தெரியக் கூடாது. அப்படி என்ன இருக்கு அதுல?"

பெட்டியக்காவின் நாக்கில் விதி தயாராக இருந்தது. நாக்குதான் அவள் வசத்தில் இல்லை.

"அன்னிக்கு எனக்கு மஞ்சள் கவுன் போட்டு விட்டான் அண்ணன். பொத்தான் மாத்திப் போட்டுட்டான்னு நான் அழுதேன். அது நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா வேன்ல கண்ணு முழிச்சப்ப யாரோ ஒரு ஆம்பளையோட சட்டைக்குள்ள இருந்தேன். முழங்கால் வரைக்கும் சட்டை. என் கவுன் எங்க போச்சு? நாப்பத்தாறு வருஷத்துல ஒரு தடவை கூட நான் அதைக் கேட்டுக்கல பாருங்க." டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "நான் வேன்ல தூங்கல. அப்படித்தானே அக்கா?"

இல்லை என்று தலையாட்டினால் பொய். ஆமாம் என்று ஆட்டினால் செத்துப்போனவருக்குச் செய்கிற துரோகம். பெட்டியக்கா இரண்டும் செய்யவில்லை. தலை நிமிர்ந்தபடியே இருந்தது. மரத்துப்போன கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. அது இறங்குவது அவளுக்கே உறைக்கவில்லை, மேஜையில் சொட்டிய பிறகுதான் தெரிந்தது. என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள்.

"பேசாதீங்க," என்றார் டாக்டர். "பஞ்சைக் கடிச்சுக்குங்க. பேசினா ரத்தம் வரும்."

அவ்வளவு நிதானமாகச் சொன்னவர், சொல்லி முடித்த கையோடு மேஜை மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு, ஐந்து வயதுப் பிள்ளை மாதிரி அழுதார். அந்த அறையில் இருமினால் கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். அன்றைக்குத் திரும்பிப் பார்க்க வேறு யாருமில்லை. பெட்டியக்கா எழுந்து போய் அவர் முதுகில் கை வைத்தாள். வெகுநேரம் அப்படியே நின்றாள்.

நின்றபடியே யோசித்தாள். பாதி தெரிந்துவிட்டது. மீதி தெரியாவிட்டால் இந்தப் பெண் அதைத் தானாகக் கட்டிக்கொள்ளும். தினம் ஒரு மாதிரி கட்டும், ஒவ்வொன்றும் நடந்ததை விட மோசமாக இருக்கும். பேராசிரியர் இருந்தால் என்ன சொல்லுவார்? தெரியவில்லை. அந்த நோட்டைத்தான் கொடுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். அதைக் கொடுக்கப் போவதில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுக்குகளுக்குள் போனாள். பேராசிரியரின் பெட்டிகள் இருந்த வரிசையைத் தாண்டி, கடைசிச் சுவரோரம் நிலவியல் துறை ஒப்படைத்த பழைய ரெஜிஸ்டர்கள் இருந்தன. எந்தக் களப்பணிக்கு எந்த வண்டி, யார் யார் போனார்கள் என்று துறை குமாஸ்தா எழுதி வைத்தவை. அவை வேறு தொகுப்பு. எவரும் பார்க்கலாம், எவரும் பார்த்ததில்லை. அந்த வருஷத்துக்கான ரெஜிஸ்டரை எடுத்து வந்து, பக்கத்தைத் திருப்பி டாக்டர் முன் வைத்தாள். ஒரு வேன், ஒரு டிரைவர், பேராசிரியர். கீழே மூன்று மாணவர்களின் பெயரும் வீட்டு முகவரியும்.

பேச முடியாததால் ஒரு சீட்டில் பென்சிலால் எழுதி நகர்த்தினாள்: 'இது மூடாத ஆவணம்.'

டாக்டர் சீட்டையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். மூன்று முகவரியையும் எழுதிக்கொண்டு, பென்சிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் கணவர் கஞ்சி காய்ச்சி ஆற்றிக் கொடுத்தார். "உன் டிக்கெட் இல்லாத ஆள் எறங்கிட்டாரா?" என்று கேட்டார். அவள் சைகையில், தெரியவில்லை என்றாள்.

பன்னிரண்டு நாள் ஒரு தகவலும் இல்லை. போன் மணி அடிக்கும்போதெல்லாம் பெட்டியக்கா ஓடிப்போய் எடுத்தாள். தப்புச் செய்துவிட்டோமோ என்று பேராசிரியரின் பெட்டிகள் இருந்த வரிசைப் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு போனாள். பதின்மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு டாக்டர் கூப்பிட்டார்.

"அக்கா, நான்தான். பல்லு எப்படி இருக்கு?"

"ஆறிடுச்சும்மா. நீங்க எப்படி இருக்கீங்க?"

டாக்டர் மெதுவாகச் சொன்னார். மூன்று பேரில் இரண்டு பேர் காலமாகிவிட்டார்கள். மூன்றாமவர் ரயிலில் ஆறு மணி நேரத் தொலைவில் மகன் வீட்டில் இருந்தார். அப்பா பேரைச் சொன்னதும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். சத்தியம் பண்ணியிருக்கேன்மா, என்னைக் கேக்காதே என்று முதலில் சொல்லிவிட்டார். நான் வேனில் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் உள்ளே கூப்பிட்டார்.

"என்னை வாங்கினவர் அவர்தான் அக்கா. அந்தச் சட்டையும் அவரோடதுதான். எல்லாம் சொன்னார். அப்பா பாறையைப் பாத்துட்டு இருந்தது, நான் தாவித் தாவிப் போனது, எல்லாம். அண்ணன் என்னைத் தூக்கி அவர் கைல குடுத்துட்டு, 'புடிச்சுட்டீங்களா, புடிச்சுட்டீங்களா'ன்னு ரெண்டு தடவை கேட்டானாம். புடிச்சுட்டேன்டான்னு இவர் சொன்னப்புறம்தான் கையை விட்டானாம்."

அந்த வரியைப் பெட்டியக்கா பதின்மூன்று வருஷமாக அறிவாள். முதல் தடவை கேட்கிற மாதிரிக் கேட்டுக்கொண்டாள்.

"அப்பா ஏன் அப்படிப் பண்ணினார்னு புரியுது," என்றார் டாக்டர். "ஆனா மன்னிக்க முடியல அக்கா. என்னைக் காப்பாத்தறேன்னு அவரைப் பூரா என்கிட்டேருந்து எடுத்துட்டுப் போயிட்டார். ஹாஸ்டலுக்குப் போனதுலேருந்து அவர் சாகற வரைக்கும் மாசம் ஒரு லெட்டர் போடுவார். பிரிக்காமலே குப்பைல போட்டிருக்கேன். இருநூறு லெட்டருக்கு மேல இருக்கும்." குரல் தேய்ந்தது. "அந்த நோட்டு எனக்கு வேண்டாம். அவர் இஷ்டப்படி மூடியே கெடக்கட்டும். நான் தெரிஞ்சுக்கிட்டதை எழுதி அனுப்பறேன், அதை அவர் பேப்பரோட சேத்துடுங்க. அதுக்குக் கெடு ஒண்ணும் வேண்டாம். யார் வேணா படிக்கட்டும். அண்ணன் கல்லு எடுக்கப் போய்ச் சாகலன்னு எல்லாருக்கும் தெரியட்டும்."

"அனுப்புங்கம்மா. நானே எண் போட்டு வெக்கிறேன்."

"சரி."

வைத்துவிடுவார் என்று பெட்டியக்கா நினைத்தாள். வைக்கவில்லை.

"அங்கேருந்து ஸ்டேஷனுக்கு வந்து உக்காந்தேன் அக்கா. ரயிலுக்கு நேரம் இருந்துது. உடனே அம்மாகிட்ட சொல்லணும்னு போனை எடுத்துட்டேன். நம்பரும் போட்டுட்டேன். ரிங் போகுது. அஞ்சாறு தடவை ரிங் போன அப்புறம்தான், வீட்ல யாருமில்லங்கிறதே எனக்கு..."

பெட்டியக்காவால் பேச முடியவில்லை. இந்தத் தடவை வாயில் பஞ்சு இல்லை. "அம்மாடி," என்று மட்டும் சொன்னாள். இருவரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து டாக்டர், "நோயாளி காத்துட்டிருக்காங்க, அப்புறம் பேசறேன்," என்று சொல்லி வைத்தார்.

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பியபோது ஒரு ஆராய்ச்சி மாணவி கேட்புச் சீட்டோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. நூறு வருஷத்துக்கு முந்தைய மழை அளவுப் பதிவேடு வேண்டுமாம்.

"கொஞ்சம் இரும்மா, வந்துடறேன்," என்று சொல்லிவிட்டுப் பெட்டியக்கா முகம் கழுவப் போனாள்.